பக்கத்து மனையில மாடி மேல மாடி ஏறுதா? இப்படி தடுக்கலாம்

நம்ம நாகர்கோவில் பக்கம் ஓட்டு வீட்டை ஒட்டி திடீர்னு தூண் எழும்புனா சண்டைக்குப் போகாதீங்க, மொதல்ல மாநகராட்சியில 10 ரூபா ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) மனு போட்டு பிளான் அப்ரூவல் காப்பி கேளுங்க, 30 நாளுக்குள்ள பதில் தரணும். 2019 பில்டிங் ரூல்ஸ்படி 18.30 மீட்டருக்கு மேல போனா ஹைரைஸ், அதாவது உயரமான கட்டடம், அதுக்கு ரோடு அகலமும் சுத்தி விடுற இடமும் கூடுதலா வேணும், அதனால டேப்பை எடுத்து ரோட்டை அளந்துருங்க, ரெண்டு ஆட்டோ ஒதுங்க முடியாத நம்ம முடுக்குல விஷயம் அங்கயே தெரிஞ்சுரும்.

அப்ரூவலை மீறி கட்டுனா தேதியோட போட்டோ எடுத்து, தெருக்காரங்க கையெழுத்து வாங்கி மாநகராட்சி கமிஷனருக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்புங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் குடுத்து ரசீதை மறக்காம வாங்கிக்கிடுங்க. 1971 டவுன் பிளானிங் சட்டத்துல வேலையை நிறுத்தவும் சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கு. எல்லாத்தையும் காங்கிரீட் வார்ப்பு போடுறதுக்கு முன்னாடியே செய்யுங்க, அப்புறம் இடிக்க வைக்கிறது பெரும்பாடு.