ஹர்லிங் மட்டையைப் பிடிப்பதும் அடிப்பதும்: கிரிக்கெட் கைக்காரர்களுக்கு முதல் பாடம்

அயர்லாந்துக்கு வந்த புதிதில் என் மகளைக் கமோகி என்ற ஐரிஷ் மட்டைப் பந்தாட்டப் பயிற்சியில் சேர்த்துவிட்டு மைதான ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பயிற்சியாளர் மட்டையை நீட்டி, "நீங்களும் அடித்துப் பாருங்களேன்" என்றார். பத்து வருடம் கிரிக்கெட் ஆடிய தெம்பில் வாங்கினேன். மூன்று முறை வீசினேன், மூன்று முறையும் காற்றுதான் அடிவாங்கியது. என் மகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கைகள் இடம் மாறியிருந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதனால் இந்தப் பதிவில் பாதி, பிடியைப் பற்றித்தான்.

இந்த ஆட்டத்தை ஆண்கள் ஆடினால் ஹர்லிங், பெண்கள் ஆடினால் கமோகி. பிடியும் அடியும் இரண்டுக்கும் ஒன்றே. மட்டைக்கு ஹர்லி என்று பெயர், ஐரிஷ் மொழியில் கமான். பந்து ஸ்லிட்டர். ஹர்லிங் பந்து 110 முதல் 120 கிராம் வரை இருக்கும், கமோகிப் பந்து அதைவிடச் சற்று லேசு. மட்டையின் அகன்ற தட்டையான நுனியை 'பாஸ்' என்பார்கள். ஆமாம், முதலாளியைச் சொல்கிற அதே உச்சரிப்புதான்.

முதலில் மட்டை

நேராக நின்று மட்டையின் பாஸ் தரையில் படும்படி காலோரம் நிறுத்துங்கள். கைப்பிடியின் உச்சி இடுப்பெலும்பு வரை வந்தால் அளவு சரி. அப்புறம் கைப்பிடியின் உச்சியை ஒரே கையால் பிடித்து, கையை முன்னால் நீட்டுங்கள். மட்டை நடுங்கினால் அது உங்களுக்குக் கனம் அதிகம். வளர்ந்த பிறகு பயன்படட்டும் என்று பிள்ளைக்குப் பெரிய மட்டை வாங்கிக் கொடுக்காதீர்கள். செருப்பு வாங்கும்போது செய்கிற சிக்கனம் இங்கே உதவாது. தலைக்கவசத்தில் முகக்கம்பியும் இருக்க வேண்டும். ஹர்லிங்கில் 2010 முதல் எல்லா வயதினருக்கும் அது கட்டாயம்.

பிடி

நீங்கள் எந்தக் கையால் எழுதுகிறீர்களோ அந்தக் கை கைப்பிடியின் உச்சியில் இருக்க வேண்டும். மற்றது அதற்குக் கீழே. வலது கைக்காரர் கிரிக்கெட் மட்டையைப் பிடிக்கும்போது இடது கைதான் மேலே இருக்கும். இங்கே அது தலைகீழ். வலது கைப் பழக்கம் இருந்தும் இடது பக்கம் நின்று ஆடிய கங்குலி போன்றவர்களுக்கு மட்டும் இந்தப் பிடி புதிதாகத் தெரியாது.

ஏன் இப்படி? ஹர்லிங்கில் பாதி நேரம் மட்டை ஒரே கையில்தான் இருக்கும். இன்னொரு கை பந்தைப் பிடிக்க வேண்டும், தூக்கிப் போட வேண்டும். அந்த நேரத்தில் மட்டையைத் தனியாக ஆள வேண்டியது பலமுள்ள கை. அது கீழே இருந்தால் பந்தைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கை மாற்ற வேண்டிவரும். அதற்குள் எதிராளி பந்தைக் கொண்டுபோய்விடுவார்.

காத்திருக்கும்போது கீழ்க் கையைக் கைப்பிடியின் நடுவில் வைத்துக்கொள்ளலாம். அடிக்கும் நேரத்தில் அது மேலே வழுக்கி வந்து மேல் கையை ஒட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிகூட வேண்டாம். உடம்பின் வலது பக்கத்திலிருந்து அடிக்கும்போது முதல் சில நாள் கைகள் பின்னிக்கொண்டதுபோல இருக்கும். அதற்காகப் பழைய பிடிக்குப் போய்விடாதீர்கள். நான் போனேன், ஒரு மாதம் வீணானது.

தரையடி

பந்தைத் தரையில் வைத்து அடிப்பதில் தொடங்குங்கள். இங்கே தூக்கிப் போடும் கவலை இல்லை. பந்து முன்காலுக்கு நேராக, ஒரு கை தள்ளி இருக்கட்டும். முழங்காலைச் சற்று மடக்கி, பாஸ் புல்லை உரசிப் போகும்படி வீசுங்கள்.

கையிலிருந்து அடிப்பது

இதுதான் ஆட்டத்தின் உயிர். நான் வலது கைக்காரருக்குச் சொல்கிறேன், இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. இடது தோள் இலக்கைப் பார்க்கப் பக்கவாட்டில் நில்லுங்கள். பந்து இடது கையில், மட்டை வலது கையில்.
2. பந்தைத் தோள் உயரத்துக்குப் போடுங்கள். உடம்பை ஒட்டிப் போட்டால் கை மடங்கிவிடும், அடியில் பலமே இருக்காது. சற்று விலக்கிப் போடுங்கள்.
3. போட்ட கை உடனே மட்டைக்கு ஓடிவந்து வலது கைக்குக் கீழே ஒட்ட வேண்டும். அதே நேரத்தில் மட்டை பின்னால் உயரும், வலது முழங்கை உடம்பைவிட்டு விலகும்.
4. இடது காலை எடுத்துவைத்து, பந்து முழங்கால் உயரத்துக்கு இறங்கும்போது அடியுங்கள். கடைசி நொடியில் மணிக்கட்டைச் சொடுக்க வேண்டும்.
5. பந்து போன பிறகும் மட்டையை நிறுத்தாமல் தோள்வரை போகவிடுங்கள்.

பெரும்பாலும் தப்பு நடப்பது மூன்றாவது படியில்தான். பந்து எங்கே போகப்போகிறது என்று பார்க்கும் ஆசையில் தலை நிமிர்ந்துவிடும், கீழ்க் கை தாமதமாக வந்து சேரும். மட்டையில்லாமல், பந்தைப் போட்டுவிட்டுக் கை ஒட்டுவதை மட்டும் பத்து முறை செய்து பாருங்கள். வீட்டு வரவேற்பறையில்கூடச் செய்யலாம்.

சுவர்

இங்கே பிள்ளைகள் கற்றுக்கொள்வது பாதி மைதானத்தில், மீதி சுவரில். சுவரிலிருந்து பத்து அடி தள்ளி நின்று மெதுவாக அடியுங்கள். திரும்பி வருவதை இடது கையில் பிடித்து, மறுபடி அடியுங்கள். வலது பக்கம் இருபது, இடது பக்கம் இருபது. பக்கம் மாறினாலும் பிடி மாறக் கூடாது. முதல் வாரத்தில் மேல் கை உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே கொப்புளம் வரும், பிளாஸ்திரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொப்புளம் இரண்டு விரல்களுக்கு நடுவில் வந்தால் மட்டையை அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள் என்று என் மகள் சொல்கிறாள். அது சரியா என்று தெரியாது, ஆனால் பிடியைத் தளர்த்திய பிறகு எனக்கு வரவில்லை.