ரைபிள் வேண்டாம், அதன் முத்திரைகளைச் சேகரியுங்கள்

கம்மவான்பேட்டைப் பக்கமிருந்து வரும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஐயா, பழைய த்ரீ நாட் த்ரீ ஒன்று விலைக்குக் கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்காது, தேடவும் கூடாது. லீ என்ஃபீல்டு என்ற அந்தப் பழைய ராணுவ ரைபிளின் .303 ரகம் நம் நாட்டில் தனியாருக்குத் தடை செய்யப்பட்டது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. அதையும் எழுத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே தொடுங்கள்.

வேலூரில் ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு ரைபிளில் உண்மையிலேயே சேகரிக்கத் தகுந்தது அதன் இரும்பிலும் மரத்திலும் குத்திய முத்திரைதான் என்பது என் உறுதியான எண்ணம். ராணுவம் கழித்துவிட்ட ரைபிள் எந்த நாட்டுப் போலீசிடம் போய்ச் சேர்ந்தது என்பதை அதுதான் சொல்லும். அதற்குப் படமும் குறிப்பேடும் போதும். வெளிநாட்டு ஏல நிறுவனங்கள் வெளியிடும் படங்கள், எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடம், என்.சி.சி.யில் இருப்பவர்களானால் அதிகாரியின் அனுமதியோடு பார்க்கக் கிடைக்கும் பயிற்சி ரைபிள்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டவற்றில் 'டி.பி.' ('டிரில் பர்பஸ்') என்ற எழுத்துகள் இருக்கும்.

லீ என்ஃபீல்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே, தோளில் வைக்கும் பின்கட்டை வந்து சேரும் இரும்பு வளையம். கிரீடம், தயாரித்த தொழிற்சாலை, ஆண்டு, மாடல் எல்லாம் அங்கேதான். அடுத்தது பின்கட்டையின் மரம். எந்தப் படைக்குச் சொந்தம் என்பதைப் பெரும்பாலும் அங்கே குத்துவார்கள். தென்னாப்பிரிக்கப் போலீசுடையது 'எஸ்.ஏ.பி.'. 'யூ' எழுத்துக்குள் அம்பு இருந்தால் அந்த நாட்டு அரசின் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்திருந்தால் பிரிட்டிஷ் அரசு அதை விற்றுக் கழித்துவிட்டது என்று பொருள்.

படம் எடுக்கும்போது டார்ச்சை மேலிருந்து அடிக்காதீர்கள். பக்கவாட்டில், இரும்பை ஒட்டினாற்போல் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து வரும். உப்புத்தாளோ பாலிஷோ வேண்டவே வேண்டாம். பளபளப்பாக்கப்பட்ட முத்திரை செத்த முத்திரை.

போலியைக் கண்டுபிடிக்க விளிம்பைப் பாருங்கள். சுத்தியலால் குத்திய எழுத்தின் ஓரத்தில் உலோகம் சற்றே பிதுங்கி, பல கைகள் பட்டு மழுங்கியிருக்கும். சுற்றிலும் கறுப்புப் பூச்சு தேய்ந்திருக்க, எழுத்தின் உள்ளே மட்டும் இரும்பு பளிச்சென்று தெரிந்தால் நம்பாதீர்கள்.

அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு 'வெளிநாட்டுப் போலீஸ் ரைபிள்' என்றால் நம்முடைய .410 மஸ்கட் என்ற துப்பாக்கியும் அதில் அடக்கம். .303 ரைபிளைத் துளை பெருக்கி, தோட்டாக்களை அடுக்கும் மகசின் இடத்தை மரக்கட்டையால் அடைத்து, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும்படி மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் மாற்றினார்கள். பறிபோனாலும் ராணுவ ரைபிளைப் போல் பயன்படாது. குறிப்பேட்டின் முதல் பக்கத்தை இதற்கே கொடுங்கள். அந்த மஸ்கட்டோடு காவல் நின்ற பெரியவர்கள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் பெயர், ஊர், ஆண்டோடு எழுதி வையுங்கள்.