பண்டைய பாரசீகம்: மொழியும் எழுத்தும் குழம்பும் இடங்கள்

பண்டைய பாரசீகத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது பலர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அரசன் பேசிய மொழி, எழுத்தர் எழுதிய மொழி, எழுதப் பயன்பட்ட எழுத்து ஆகிய மூன்றையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். பாரசீகத்தில் இம்மூன்றும் பெரும்பாலும் வெவ்வேறாகவே இருந்தன.

பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸின் பெயர் தாங்கிய சைரஸ் உருளையை எடுத்துக்கொள்வோம். 1879இல் பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்த இந்தக் களிமண் உருளையைப் பாரசீக மொழி ஆவணம் என்று எழுதாதீர்கள். அதிலிருப்பது மெசபொத்தேமியாவின் அக்காடிய மொழி (பாபிலோனியம் அதன் ஒரு வடிவம்), ஆப்பு வடிவக் குறிகளாலான பாபிலோனிய ஆப்பெழுத்து. பாபிலோனின் தெய்வமான மர்துக் சைரஸைத் தேர்ந்தெடுத்ததாக அது சொல்கிறது. மெசபொத்தேமிய அரசர்கள் வழிவழியாக எழுதிவைத்த பாணிதான் அது. ‘உலகின் முதல் மனித உரிமைச் சாசனம்’ என்ற பட்டம் 20ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. சைரஸ் அடிமைமுறையை ஒழித்தார் என்று அதன் பெயரில் சுற்றிவரும் வரிகள் மூலத்தில் இல்லவே இல்லை. அவற்றை மேற்கோள் காட்டவே வேண்டாம்.

சைரஸ் நிறுவிய அகாமனிசியப் பேரரசின் அலுவலகங்கள் பழம்பாரசீக மொழியில் நடந்தன என்பது அடுத்த தவறு. அதன் தலைநகரங்களுள் ஒன்றான பெர்சிபோலிஸின் கோட்டைச் சுவரில் 1933இல் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. முதலாம் டேரியஸ் காலத்துப் படியளப்புக் கணக்குகள் அவை. வேலையாளுக்கு எவ்வளவு தானியம், வழிப்பயணிக்கு எவ்வளவு மாவு, பிள்ளை பெற்றவளுக்கு எவ்வளவு கூடுதல் என்றெல்லாம் அவற்றில் இருக்கிறது. கல்லில் வெட்டிய அரசப் பெருமைகளைவிட அந்தக் காலத்து வாழ்க்கை இந்தப் பலகைகளில்தான் தெரிகிறது என்பேன். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரானின் பழைய மொழியான எலாமியத்தில் எழுதப்பட்டவை. சில நூறு, அரபியும் எபிரேயமும் சேர்ந்த செமித்தியக் குடும்பத்து மொழியான அரமேயத்தில் உள்ளன. பழம்பாரசீகத்தில் அடையாளம் காணப்பட்டது ஒன்றே ஒன்று! எகிப்திலிருந்து பாக்திரியா (இன்றைய ஆப்கானிஸ்தான் பகுதி) வரை கடிதப் போக்குவரத்தை நடத்தியது அரமேயம்தான். தோலிலும் பாப்பிரஸிலும் மையால் எழுத அது தோதாக இருந்தது.

அப்படியானால் பழம்பாரசீகம் எங்கே? முக்கியமாக, மேற்கு ஈரானின் பெகிஸ்தூன் பாறை போன்ற அரச கல்வெட்டுகளில். அங்கேயும் எலாமியமும் பாபிலோனியமும் கூடவே நிற்கின்றன. எலாமிய வடிவம் முதலில் வெட்டப்பட்டு, பழம்பாரசீகம் பின்னால் சேர்க்கப்பட்டது. ஆப்பெழுத்து என்றால் ஒரே எழுத்து என்றும் நினைத்துவிடக் கூடாது. பாபிலோனியத்துக்கு நூற்றுக்கணக்கான குறிகள் உண்டு. பழம்பாரசீகத்துக்கு ஒலிக்குறிகள் 36, கூடவே சில சொற்குறிகள், அவ்வளவுதான். 1802இல் ஜெர்மானிய ஆசிரியர் குரோட்டஃபெண்ட் ஆப்பெழுத்தைப் படித்தறியும் முயற்சியை இதிலிருந்து தொடங்க முடிந்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

சொராஸ்திரிய சமய நூலான அவெஸ்தாவின் மொழியும் பழம்பாரசீகம் அல்ல. இரண்டும் ஈரானிய மொழிகள், ஆனால் வேறு வேறு கிளைகள். அவெஸ்தா மொழியை எழுத்தில் வடிக்கத் தனி எழுத்து உருவானதோ ஈரானை ஆண்ட சாசானியர் காலத்தில்தான் (கி.பி. 3–7ஆம் நூற்றாண்டு). அதே காலத்துப் பாரசீகத்தை எழுதிய பஹ்லவி எழுத்து அரமேயத்திலிருந்து வந்தது. அதில் அரமேயச் சொல்லை எழுதிவிட்டுப் பாரசீகச் சொல்லாகப் படிக்கும் வழக்கமும் இருந்தது. அரசன் என்பதற்கு ‘மல்கா’ என்று எழுதியிருக்கும், ‘ஷா’ என்று படிப்பார்கள். இது தெரியாமல் பஹ்லவிச் சுவடியைச் செமித்திய மொழி என்று சொல்லிவிடுவது எளிது. இன்றைய பாரசீகம் அரபு எழுத்தில் இருப்பதால் அது அரபியின் கிளை என்பதும் இதே வகைப் பிழை. அது இந்தோ-ஐரோப்பிய மொழி.

சரி, தமிழர்கள் ஆசையோடு பகிரும் ஒன்று: எலாமியமும் திராவிட மொழிகளும் ஒரே குடும்பம். மொழியியலாளர் டேவிட் மெக்ஆல்பின் 1970களில் இதற்காக விரிவாக வாதிட்டார். ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. எலாமியத்தை உறவு நிறுவப்படாத தனிமொழியாகவே கருதுகிறார்கள். கருதுகோள் என்று சொல்லிப் பகிருங்கள், நிறுவப்பட்ட உண்மையாக வேண்டாம். பல்லவர் ஈரானிலிருந்து வந்த பஹ்லவரே என்ற பழைய வாதத்துக்கும் பெயர் ஒற்றுமைக்கு மேல் உறுதியான சான்று இல்லை.

பாரசீகத்தோடு நமக்கு உள்ள உண்மையான தொடர்பைப் பார்க்க வேண்டுமென்றால் கொல்லத்துத் தேவாலயம் ஒன்றுக்கு வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் இருக்கின்றன. காலம் கி.பி. 849, சாசனம் வட்டெழுத்தில். சாட்சிக் கையெழுத்துகள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. எபிரேய எழுத்தில் போட்டவர்கள் எழுதிய மொழி பாரசீகம்.