போன் பார்த்தபடி கொறிக்கும் பிள்ளையின் பல்லைக் காப்பது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தை மாடி வீடுகளில் பின்னேரம் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். டியூஷன் முடிந்து வந்த பிள்ளை, கையில் போன், மடியில் பிஸ்கட். ஓடி விளையாட முற்றம் இல்லை. இறங்கினால் காலி வீதி வாகனங்கள். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த பிஸ்கட்டைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்.

போன் வெளிச்சம் பல்லைச் சூத்தையாக்காது. பல்லில் ஒட்டிய படலத்தில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பற்றீரியாக்கள்தான் சீனியை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் (இறங்க இறங்க அமிலம் கூடும்) பல்லின் வெளிப்படையான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். எட்டு பிஸ்கட்டைப் பத்து நிமிடத்தில் சாப்பிட்டால் ஒரு தாக்குதல். அதையே கால் மணிக்கு ஒன்றாக இரண்டு மணி நேரம் கொறித்தால், எச்சிலுக்கு வேலை செய்யவே இடைவெளி கிடைக்காது. அளவைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம்.

படி 1: எண்ணுங்கள்
இரண்டு நாளைக்கு ஒன்றும் சொல்லாமல், சாப்பாட்டு நேரம் தவிரப் பிள்ளை எத்தனை தடவை வாயில் எதையாவது போடுகிறது என்று குறியுங்கள். குடிப்பதையும் சேருங்கள்.

படி 2: சாப்பாட்டைத் திரையிலிருந்து பிரியுங்கள்
பசிக்கிறதா? சரி, படத்தை நிறுத்திவிட்டு மேசைக்கு வரட்டும். சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடித்த பிறகு மிச்சத்தைப் பார்க்கலாம். திரைக்கு முன்னால் தண்ணீர் மட்டும். முதல் வாரம் அழுகை இருக்கும், அசையாதீர்கள். இனிப்பை அடியோடு நிறுத்தத் தேவையில்லை, மத்தியானச் சோற்றோடு கொடுத்துவிடுங்கள். கொறிக்க அவித்த கடலை, கொய்யா நல்லது. கச்சான் மட்டும் சின்னவர்களுக்கு வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

மென்பானம் வாங்கும்போது போத்தலில் உள்ள நிறக் குறியைப் பாருங்கள். சீனி எவ்வளவு என்று காட்ட, 2016 முதல் இலங்கையில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று போடுகிறார்கள்.

படி 3: எழுப்பி விடுங்கள்
ஐந்து வயதுக்கு மேல் தினம் 60 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு முதல் நான்கு வயதினருக்குத் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் 2019இல் சொன்னது. காலிமுகத்திடலில் பட்டம் விடும் பிள்ளையின் கை பிஸ்கட் தேடாது.

படி 4: படுக்கப் போகுமுன் நீங்களே தீட்டிவிடுங்கள்
தூக்கத்தில் எச்சில் குறையும். அதனால் இரவில் பல் தீட்டிய பிறகு பால் போத்தலும் வேண்டாம். 1000 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கு) புளோரைட்டாவது உள்ள பற்பசை எடுங்கள்: மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, ஆறு வரை பட்டாணியளவு. துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். பாற்பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல்!

படி 5: உதட்டைத் தூக்கிப் பாருங்கள்
மாதம் ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில். முரசை ஒட்டிச் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சூத்தையின் தொடக்கம். குழி விழுமுன் புளோரைட்டால் அதை மீட்கலாம். பாடசாலைப் பல் கிளினிக்குக்கோ வார்ட் பிளேஸ் பல் வைத்தியசாலைக்கோ அந்த வாரமே கூட்டிப் போங்கள்.