நீச்சல் குளத் தண்ணீரை நாமே சோதிப்பது எப்படி?

சித்திரை வெயில் ஏறினால் பாளையங்கோட்டையில் பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கக் கூட்டம்தான். போன கோடையில் என் மகனுக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தது. அதிலிருந்து, தண்ணீரைச் சோதிக்காமல் நான் பணம் கட்டுவதில்லை.

படி 1. குளோரினை நிறம் மாறிக் காட்டும் டிபிடி மாத்திரையும், தண்ணீரின் அமில-காரத் தன்மையை, அதாவது பிஎச்சைக் காட்டும் பீனால் ரெட்டும் உள்ள கிட் வாங்குங்கள். தண்ணீரில் முக்கிப் பார்க்கும் காகித ஸ்ட்ரிப் எனக்குப் பிடிக்காது. வேர்த்த கையால் எடுத்து எடுத்தே டப்பா முழுக்க ஈரம் பட்டுக் கெட்டுவிடும்.

படி 2. கூட்டம் குளித்து ஏறிய சாயங்காலம், தண்ணீர் வந்து விழும் குழாய்க்குத் தள்ளி, முழங்கை ஆழத்தில் பிடியுங்கள்.

படி 3. நிறைய பேர் ஏமாறும் இடம் இதுதான். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் டேங்க் ஆபரேட்டர் குளோரின் பார்க்கும் குளோரோஸ்கோப் என்ற கருவியை இங்கும் காட்டி, "மஞ்சளா இருக்குல்லா சார், குளோரின் இருக்கு" என்பார்கள். அந்த மஞ்சளில் வேர்வை, மூத்திரத்தோடு சேர்ந்து சக்தி இழந்த குளோரினும் அடக்கம். மூக்கைத் துளைக்கும் நெடி அதனுடையதுதான். நெடி அடித்தால் குளம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். டிபிடி முதல் மாத்திரை, எதோடும் சேராமல் கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் தனிக் குளோரினை மட்டும் இளஞ்சிவப்பாகக் காட்டும். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருந்தால் சரி.

அப்புறம் பிஎச். 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். 7.5-இல் தனிக் குளோரினில் பாதிதான் கிருமியை வேகமாகக் கொல்லும் வடிவில் இருக்கும். 8-க்குப் போனால் ஏறக்குறைய கால் பங்குதான். பிளீச்சிங் பவுடரே பிஎச்சை ஏற்றும். ஆகவே ஆசிட் ஊற்றாமல் பவுடரை மட்டும் அள்ளிக் கொட்டும் குளத்தில் குளோரின் அளவு நன்றாகத் தெரியும், வேலை நடக்காது.

படி 4. தண்ணீர் தேறினாலும் தரையைப் பாருங்கள். சேற்றுப்புண்ணும் படர்தாமரையும் குளத்து நீரைவிட ஷவர் அறையின் ஈரத் தரை, மிதியடி, அடுத்தவர் துண்டு வழியாகத்தான் அதிகம் தொற்றும். ஷவர் அறை மூலையில் கால் வழுக்கினால் நான் அப்படியே திரும்பிவிடுவேன். குளத்து விளிம்பு வரை ரப்பர் செருப்பு, வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கை ஈரம் போகத் துடைப்பது, இரண்டையும் விடாதீர்கள். வந்துவிட்டால் மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கவே வேண்டாம். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். டாக்டரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர், "நெடி தாங்கலை, மாத்திரை போட்டா நிறமே வரலையே" என்று கேட்டிருந்தார். குளோரின் மிக அதிகமானால் டிபிடி நிறம் வெளுத்துப்போகும். மாத்திரை விழுந்ததும் ஒரு நொடி சிவந்து மறைகிறதா என்று பாருங்கள். குளத்து நீர் ஒரு பங்கு, குளோரின் இல்லாத கேன் தண்ணீர் நான்கு பங்கு கலந்து மறுபடி சோதித்து, வருவதை ஐந்தால் பெருக்குங்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் அன்றைக்குப் பிள்ளையை இறக்காதீர்கள்.