முகாமுக்கு நாளுக்கொரு மஞ்சப்பை

மே மாதத் திருச்சபை முகாமுக்குப் போகும் பிள்ளையின் துணியை மொத்தமாகப் பெட்டியில் அடுக்காதீர்கள். நாளுக்கு ஒரு மஞ்சப்பை: சட்டை, பேன்ட், உள்ளாடை, சாக்ஸ் எல்லாம் அதற்குள், மேலே கிழமையை எழுதிவிடுங்கள். விடியற்காலையில் தியானத்துக்கு மணி அடித்ததும், எல்லோரும் படுத்திருக்கும் இருட்டுக் கூடத்தில் அரைத்தூக்கத்தோடு பெட்டியைக் கிளற வேண்டாம். பையோடு குளிக்கப் போய்விடலாம். அழுக்குத் துணியும் அதே பைக்கே திரும்புவதால் ஒற்றைச் சாக்ஸ் தேடும் வேலை இல்லை. பிளாஸ்டிக் கேரி பேக் வேண்டவே வேண்டாம், தமிழ்நாட்டில் 2019 முதல் தடை. முகாம் கொடைக்கானலில் என்றால், மலையேறும்போது சோதிக்கவும் செய்வார்கள்.

ஈரத்துணிக்கு மட்டும் இது ஆகாது, பூஞ்சை பிடித்துவிடும். கொடியில் காயப்போடச் சொல்லி அனுப்புங்கள். காலையில் போய் மதியம் திரும்பும் வி.பி.எஸ்-க்கு (விடுமுறை வேதாகமப் பள்ளி) இது தேவையில்லை.