மலக்குடல் அறுவைக்குப் பின் மலைப்பாதைப் பயணம்

மலக்குடல் புற்றுநோய்க் கட்டியை அகற்றிக் குடலை மீண்டும் இணைத்தவர்களுக்கு, மலத்தைத் தேக்கிவைக்கும் பகுதி சிறுத்துவிடுவதால், ஒரே மணி நேரத்தில் மூன்று நான்கு முறைகூட அவசரமாகக் கழிப்பறைக்குச் செல்ல நேரிடலாம். பலருக்கு முதல் ஓரிரு ஆண்டுகளில் இது படிப்படியாகக் குறைகிறது.

சாப்பிட்ட நேரத்தையும் மலம் கழித்த நேரத்தையும் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். உங்கள் குடலின் போக்கு அதிலேயே தெரிந்துவிடும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பரிசோதனைக்காக இறங்குவோர், காலைத் தேநீரே குடலை முடுக்கிவிடும் என்பதால், புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அதை முடித்துக்கொள்வது நல்லது. வழியிலுள்ள பர்லியாறில் பேருந்து நிற்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும், நம் தோட்டத்தில் விளைந்தவையே ஆனாலும், முந்தைய இரவு வேண்டாம். குடலின் வேகத்தைக் குறைக்கும் லோபரமைடு மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்துக்கொண்டால் பலருக்கு அவசரம் தணிகிறது.

வாயுவை அடக்குவதுபோல் ஆசனவாய்த் தசையை ஐந்து நொடி இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை, வேளைக்குப் பத்து முறை, தினமும் மூன்று வேளை செய்யலாம். மலைக்குளிரில் ஆசனவாயைச் சுற்றியுள்ள தோல் எளிதில் வெடிக்கும். காகிதத்தால் தேய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்பு பூசுங்கள். மலத்தில் இரத்தமோ, காய்ச்சலோ, கடும் வயிற்றுவலியோ கண்டால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.